பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு ஒரு பட்டன்

1. பொங்கல் வரைக்கும்

கம்ப்யூட்டர் ஸ்கிரீனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து அதைத்தான் செய்கிறேன், வேறு வேலை இல்லை. சங்கத்துச் செயலாளர் ஐயா பின்னால் வந்து நின்றார்.

“ஏம்மா அஞ்சலை, நீ தொடைக்கிற தொடைப்புல கண்ணாடி தேஞ்சிடப் போவுது. ஒரு ஈ காக்கா வந்து உக்காரலியே.”

நான் எழுந்து நின்றேன். எனக்கு ஆம்பிளைகள் முன்னால் பேச்சு வராது. பொம்பிளைகள் முன்னாலும் கஷ்டம்தான். ஐயா இங்கே நிலக்கரி மைன்ஸில் ஃபோர்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். கத்தவே மாட்டார். கத்தாமல் ஒன்றைச் சொன்னால் அதுதான் முடிவு.

“பொங்கல் வரைக்கும் பாக்கறேன். ஜனங்க உக்காந்து கேட்டா இருக்கட்டும். இல்லன்னா உங்க மேடத்தை வந்து எடுத்துக்கினு போவச் சொல்லு. இந்த எடத்துல ரெண்டு பெஞ்சாவது போட்டுக்கலாம்.”

அப்போது கார்த்திகை மாதம் நடந்துகொண்டிருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் என்னை இதை எழுதச் சொன்னார்கள். இப்போது இருக்கிற ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, ஆரம்பத்திலிருந்தே அது இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறீர்கள். இல்லை.

கான்ட்ராக்ட் தொழிலாளிகள் சேர்ந்து நடத்துகிற சேமிப்புச் சங்கம் அது. அந்த ஆபீஸ் ஹாலில் எங்கள் கம்பெனி ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வைத்தது. அதில் ஒரு ஏஐ சாட். ரேஷன் கார்டு, பி.எஃப்., பிள்ளை படிப்பு, ஆஸ்பத்திரி என்று எதைத் தமிழில் கேட்டாலும் பதில் எழுதும். எழுதுகிற மூளை எங்களுடையது இல்லை, அது எங்கோ பெரிய கம்பெனியில் இருக்கிறது, வாடகைக்கு எடுத்தது. ஜனங்கள் கண்ணால் பார்க்கிற ஸ்கிரீன், பட்டன், கேள்வி எழுதுகிற கட்டம் எல்லாம் நாங்கள் செய்தது. அதற்குப் பெயர் இன்டர்ஃபேஸ். எனக்குப் புரிந்த மாதிரி சொன்னால், சோறு வேறு இடத்தில் வேகிறது, இலை போட்டுப் பரிமாறுகிறது நாங்கள்.

இலை போட்டாயிற்று. பந்தியில்தான் ஆள் இல்லை.

2. உட்கார்ந்து செய்கிற வேலை

இந்த வேலைக்கு முன்னால் டவுன்ஷிப் மெயின் பஜார் பக்கம் ஒரு மெஸ்ஸில் தட்டு கழுவினேன். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களும் வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்களும் சாப்பிடுகிற மெஸ். பின்பக்கம் சிமெண்டுத் தொட்டி. தொட்டிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் வேம்பு. இரண்டு பேருக்கும் ஊர் பக்கத்தில் வடக்குத்து. அவள் என்னைவிட இளையவள், அக்கா என்று கூப்பிடுவாள்.

அந்த வேலையில் உட்கார ஒரு முக்காலி கூடக் கிடையாது. சாப்பிடுவதும் நின்றபடிதான். கால் வலிக்குது என்று யாரும் சொல்வதில்லை, சொன்னால் கூடுதலாக வலிக்கும். கடைசியில் காலுக்கு முன்னால் கை விட்டுவிட்டது. சோப்புத் தண்ணீரில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் புண்ணாகி ஆறவே இல்லை.

மெஸ்ஸுக்கு எதிர் வரிசையில் மாடியில் இரண்டு ரூம் எங்கள் கம்பெனி. பகவதி மேடம் மத்தியானம் மெஸ்ஸில்தான் சாப்பிடுவார்கள். அவர்கள் அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து மைன்ஸில் பர்மனென்ட் வேலைக்கு வந்தவர். மேடம் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கே குவார்ட்டர்ஸில். ஒரு நாள் சாப்பிட்ட தட்டை வாங்க வந்த என் கையைப் பார்த்துவிட்டு, “மாடிக்கு வந்து பெருக்கிக் குடுங்கம்மா, தண்ணியில கை வைக்க வேண்டாம்” என்றார்கள். போனேன்.

சங்கத்தில் பெட்டி வைத்தபோது பக்கத்தில் உட்கார ஒரு ஆள் தேவைப்பட்டது. சம்பளத்தைக் கேட்டுவிட்டுப் படித்தவர்கள் யாரும் வரவில்லை. நான் அஞ்சாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டி நிதானமாகப் படிப்பேன். எனக்குப் பேச்சு வராதே மேடம் என்று சொன்னேன். அவர்கள் சிரித்துவிட்டு, “பேசறதுக்குத்தான் கம்ப்யூட்டர் இருக்கு. நீங்க சும்மா இருந்தாப் போதும்” என்றார்கள்.

முதல் நாள் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தேன். சாயங்காலம்தான் முதுகைச் சாய்த்தேன். சாய்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு வயதுக்கு அப்புறம் உட்கார்ந்து செய்கிற வேலை.

ஆகவே செயலாளர் ஐயா பொங்கல் என்று சொன்னபோது என் கண்ணில் பெட்டி தெரியவில்லை, நாற்காலிதான் தெரிந்தது. பெட்டி போனால் கம்பெனியிடம் வேறு ஆர்டர் இல்லை. மேடம் மாடியைக் காலி செய்வார்கள். நான் மறுபடியும் தொட்டிக்கு இந்தப் பக்கம்.

3. பெயர், போட்டோ, மைக்

முதல் வெர்ஷன் எப்படி இருந்தது என்றால், ஸ்கிரீனில் ஒரு பெண்ணின் படம் சிரித்துக்கொண்டிருக்கும். “வணக்கம்! உங்கள் பெயர் என்ன? உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று இருக்கும். பெயர் எழுதினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். திறந்ததும் இன்னார் அவர்களே என்று மரியாதையாகக் கூப்பிடும். இடது பக்கம் முன்னால் கேட்ட கேள்விகள் வரிசையாக நிற்கும், அதற்குப் பெயர் ஹிஸ்டரி.

இதை வரைந்தது தமிழரசன். எங்கள் டிசைனர். பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிற தம்பி. அவர் அப்பாவை எந்த ஆபீசிலும் பெயர் சொல்லி மரியாதையாகக் கூப்பிட்டதில்லையாம். தான் செய்கிற ஸ்கிரீனாவது கூப்பிடட்டும் என்று செய்தார். நல்ல எண்ணம்தான்.

யாரும் உட்காரவில்லை என்று தெரிந்ததும் எழுத்தைப் பெரிசாக்கினார். நீலத்தைப் பச்சையாக்கினார். பிறகு, எழுதத் தெரியாததால் கூச்சப்படுகிறார்கள் என்று நினைத்து மைக் வைத்தார். மைக் வைத்த அன்றைக்குத்தான் மோசம். ஒரு பெரியவர் தைரியமாக வந்து உட்கார்ந்தார். மைக்கில் மெதுவாக ஏதோ சொன்னார். பெட்டி சத்தமாக, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி, “மூலநோய்க்கு” என்று ஆரம்பித்தது. பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு அவர் சங்கத்துக்கே பணம் கட்ட மகனைத்தான் அனுப்பினார்.

மைக்கை எடுத்தோம். ஹிஸ்டரியை எடுத்தோம், முந்தின ஆள் கேட்டதைப் பிந்தின ஆள் படிப்பது தப்பு என்று மேடமே சொல்லி எடுக்க வைத்தார்கள். சிரிக்கிற பெண்ணையும் எடுத்தோம். அப்போதும் யாரும் வரவில்லை. மார்கழி பிறந்துவிட்டது.

4. தம்பி கேட்ட கேள்வி

தமிழரசன் தம்பி லேப்டாப்பை மாடியில் வைத்துவிட்டு சங்கத்துக்கு வந்து பணம் கட்ட வந்தவர் மாதிரி ஹாலில் உட்கார்ந்துகொண்டார். பார்த்துக்கொண்டே இருந்தார். டீ நேரத்தில் என்னிடம் வந்தார்.

“அஞ்சலம்மா, இந்த ஊர்ல யாருக்குமே சொந்தமா ஒரு பிரச்சினையும் கெடையாதா?”

எனக்குப் புரியவில்லை.

“காலைலேர்ந்து பாத்துக்கினு இருக்கேன். பொட்டிகிட்ட யாரும் வரல, ஆனா உங்ககிட்ட வந்து காதுல கேக்கறாங்க. ஒருத்தங்க நாத்தனாருக்கு, ஒருத்தங்க எதிர் வூட்டு ஆயாவுக்கு, ஒருத்தர் கூட வேலை செய்யறவருக்கு. எனக்குன்னு ஒரு ஆள் கேக்கலியே.”

எனக்கு அது வித்தியாசமாகவே பட்டிருக்கவில்லை. வேறு எப்படிக் கேட்பார்கள்? யோசித்துப் பார்த்துத்தான் சொன்னேன், எங்களில் யாரும் தனக்கு என்று கேட்டதில்லை தம்பி, மெஸ்ஸிலும் அப்படித்தான், அதற்கு முன்னால் ரோடு வேலை, களை எடுப்பு எல்லாவற்றிலும் அப்படித்தான் என்று. எல்லாப் பொம்பிளைகளும் ஜோடி. எனக்கு லீவு வேண்டுமென்றால் வேம்பு போய் மெஸ் மாஸ்டரிடம், “அக்காவுக்கு முடியலீங்க” என்பாள். அவளுக்கு அட்வான்ஸ் வேண்டுமென்றால் நான் போய் நிற்பேன். எனக்குப் பேச்சு வராது, ஆனால் வேம்புக்காக என்றால் வரும். தனக்குக் கேட்டால் பிச்சை மாதிரி இருக்கும். அடுத்தவளுக்குக் கேட்டால் நியாயம் மாதிரி இருக்கும். மாஸ்டர் இல்லை என்று சொன்னாலும் கேட்டவளுக்கு அவமானம் இல்லை, தேவைப்பட்டவள் அங்கே இல்லவே இல்லையே.

தம்பி டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப நாம மொதல் வரியிலியே பேர் கேட்டோமே” என்றார்.  டம்ளரை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

5. ரெண்டு பட்டன்

அடுத்த வெர்ஷனில் பெயர்க் கட்டம் போய்விட்டது. அந்த இடத்தில் “யாருக்காகக் கேட்கிறீர்கள்?” என்று கேட்டு இரண்டு பட்டன். மேலே பெரிதாக “எனக்கு”. கீழே சின்னதாக “இன்னொருவருக்கு”. மேடம் சொன்னார்கள், முதல் பட்டனைத்தான் எல்லாரும் அழுத்துவார்கள், கீழே இருப்பது ஒரு வசதிக்கு என்று.

ஒருவர் கூட மேல் பட்டனைத் தொடவில்லை. ஆனால் உட்கார்ந்தார்கள். அதுவே பெரிசு. சந்தோஷமாக இருந்தேன். அந்தச் சந்தோஷம் வேம்பு வருகிற வரைக்கும்தான்.

அவள் மெஸ்ஸில் மத்தியானக் கழுவல் முடித்து, முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வந்தாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். கொஞ்ச காலமாகவே தெருவில் என்னைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கழுவின தட்டில் பருக்கை ஒட்டியிருக்கிறது என்று மாஸ்டர் திட்டுவதும் தெரியும். அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

“பக்கத்து வூட்டுல ஒருத்திக்குக் கண்ணு மங்கலா இருக்குதாம். இன்னா பண்ணணும்னு அதுங்கிட்ட கேட்டுச் சொல்லுக்கா” என்றாள்.

கீழ்ப் பட்டனை அழுத்தி, அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். பெட்டி பதில் எழுதியது. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். “மற்றொருவரின் உடல்நிலை குறித்த விவரங்களை அவரிடம் மட்டுமே பேச இயலும். தயவுசெய்து அவரையே நேரில் வரச் சொல்லவும்.”

வேம்பு கொஞ்ச நேரம் ஸ்கிரீன் இருந்த திசையைப் பார்த்தாள்.

“அவ வரமாட்டாக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு மட்டும் இல்லை. கீழ்ப் பட்டனை அழுத்தின எல்லாருக்கும் அதே பதில்தான் வந்துகொண்டிருந்தது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவரையே வரச் சொல்லவும். வந்தவர்தான் அவர். இனி எங்கே போய் வரச் சொல்லுவது? இரண்டு மூன்று நாளில் ஹால் பழையபடி ஆகிவிட்டது. நான் துணியை எடுத்தேன்.

6. மாடியில் நடந்த சண்டை

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மேடம்தான் காரணம். ஏஐக்கு உள்ளே நாம் சில கட்டளைகள் எழுதி வைக்கிறோம், ஜனங்கள் கண்ணுக்கு அது தெரியாது. அதில் மேடம், அடுத்தவர் விஷயத்தைப் பேசாதே என்று எழுதியிருந்தார்கள்.

தம்பி அதை எடுக்கச் சொன்னார். மேடம் முடியாது என்றார்கள். நான் பெருக்குகிற சாக்கில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேடம் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மாமியார்க்காரி வந்து மருமகள் சங்கத்தில் எவ்வளவு சேர்த்திருக்கிறாள் என்று கேட்டால்? புருஷன் வந்து பெண்டாட்டி என்ன கேட்டாள் என்று கேட்டால்? குவார்ட்டர்ஸில் எதிர் வீட்டுக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். தம்பியோ, அதற்காகக் கண் மங்கினவளுக்கு வழி சொல்லாமல் இருப்பதா என்றார். குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் மேடம் என் பக்கம் திரும்பினார்கள்.

“நீங்க சொல்லுங்கம்மா. நான் சொல்றது தப்பா?”

 விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தேன். வேம்பு முகத்தை நினைத்துக்கொண்டேன். அப்போது பேச்சு வந்தது.

“தப்பில்ல மேடம். மாஸ்டர்கிட்ட வேம்பு சம்பளம் எவ்ளோன்னு நான் கேட்டா அவர் சொல்லக் கூடாது. ஆனா வேம்புக்குக் காய்ச்சல், இன்னா பண்றதுன்னு கேட்டா, அவளையே வரச் சொல்லுன்னு அவர் சொல்ல மாட்டாரு. கஞ்சி குடுத்து அனுப்புவாரு.”

 மேடம் கம்ப்யூட்டர் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்கள். இரண்டு பேரும் சேர்ந்து எழுத ஆரம்பித்தார்கள். நான் டீ போடப் போனேன்.

அன்றைக்குக் கிழித்த கோடுதான் இன்றைக்கும் இருக்கிறது. கணக்கு, பாக்கி, யார் என்ன கட்டினார் என்பது போன்றவற்றை ஸ்கிரீன் சொல்லாது, கவுண்டரில் பாஸ் புக் காட்டித்தான் கேட்க வேண்டும். வழி தெரிய வேண்டும் என்று கேட்டால் யாருக்காக என்றாலும் சொல்லும். உள்ளே கட்டளையை மேடமே மாற்றி எழுதினார்கள். கேட்பவர் இன்னொருவருக்காகக் கேட்கிறார். அது யார் என்று கேட்காதே. பெயர் கேட்காதே. அங்கே போய்ச் சொல்லும்படி எளிமையாகப் பதில் சொல். முடிவில், அவர் மனதில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை கேள்.

வெளியே ஸ்கிரீனில் “எனக்கு” பட்டனைத் தம்பி எடுத்துவிட்டார். யாரும் தொடாத பட்டன் எதற்கு? ஒரே பட்டன். “பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் கேக்கணும்.” வூட்டுக்காரங்க என்றே போடலாமா என்று கூட ஒரு பேச்சு வந்தது. டவுன்ஷிப்பில் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருக்கிறார்கள், சிரிப்பார்கள் என்று மேடம் சொன்னார்கள். சரி, வீடாகவே இருக்கட்டும் என்று விட்டோம்.

கீழே சிவப்பில் பெரிதாக இன்னொரு பட்டன், “அழிச்சிடு”. பேசி முடித்ததும் அதை அழுத்தினால் ஸ்கிரீன் வெள்ளையாகிவிடும். ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். சிலபேர் அழித்துவிட்டு, நிஜமாகவே போய்விட்டதா என்று குனிந்து மேஜைக்குக் கீழே கூடப் பார்ப்பார்கள்.

நான் சொல்லிச் செய்தது ஒன்றுதான். ஸ்கிரீன் ஹாலைப் பார்த்து இருந்ததைச் சுவரைப் பார்த்துத் திருப்பி, முன்னால் ஒரு நாற்காலிக்குப் பதில் இரண்டு போடச் சொன்னேன். ஒருத்தி கேட்பாள், ஒருத்தி எழுதுவாள். ஜோடியாக வந்தால்தான் எங்களுக்கு வாய் திறக்கும்.

7. வேம்பு மறுபடியும்

அவளாக வரமாட்டாள் என்று தெரியும். மெஸ்ஸுக்குப் போய்த் தொட்டி பக்கத்தில் நின்றேன். பெட்டி இப்போது நன்றாகப் பேசுகிறது, அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்காக இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாமா என்றேன். அவள் தட்டைத் தடவித் தடவித் தேய்த்தாள். விரலால் பார்த்துக் கழுவினாள்.

“அவ ஒண்ணும் அவ்ளோ அவசரப்படல” என்றாள். ஆனால் மறுநாள் வந்தாள்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பட்டனை அழுத்தி எழுதினேன். பதில் வந்தது. மெதுவாக அவள் காதுக்கு மட்டும் படித்தேன். கண் மங்குவதற்குப் பல காரணம் இருக்கலாம், அவங்களை முதலில் கண் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்க. கண்புரையாக இருந்தால் ஆபரேஷனில் பெரும்பாலும் பார்வை திரும்பும். அரசு ஆஸ்பத்திரியில் காசு வாங்காமல் செய்கிறார்கள். அதற்கு இன்ன இன்ன கொண்டுபோக வேண்டும் என்று எல்லாம் சொல்லிவிட்டு, கடைசி வரியில் கேட்டது. “அவங்க மனசுல வேறு ஏதாவது பயம் இருக்கா?”

  கவுண்டரில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டார்கள்.

“எழுதுக்கா” என்றாள் வேம்பு. “அவ வேலை போயிடும்னு பயந்துக்கினு இருக்கா. ஆபரேஷனுக்கு அப்புறம் தண்ணியில, பொகையில நிக்கக் கூடாதுன்றாங்க. அதுக்குள்ள வேற ஆளைப் போட்டுக்குவாங்க. கண்ணு தெரியாமயாவது வேலை இருக்குது, கண்ணு தெரிஞ்சி வேலை இல்லன்னா இன்னாத்தப் பாக்கறது? அப்படி நெனைக்கிறா அவ.”

எத்தனையோ வருஷம் ஒரே தொட்டியில் கை நனைத்திருக்கிறோம். இவ்வளவு நீளமாக அவள் தன்னைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. எழுத்துப் பிழையோடு எல்லாவற்றையும் எழுதினேன்.

பதில் வரக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. படித்தேன். அந்தப் பயம் நியாயமானது. எத்தனை நாள் ஓய்வு என்று டாக்டரிடம் கேட்டு, அவர் எழுதிக் கொடுப்பதை வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்க. அந்த நாட்களில் அவங்க இடத்தில் நிற்க நம்பிக்கையான ஆள் இருக்காங்களா என்று கேளுங்க. இருந்தால், அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் முன்கூட்டியே பேசச் சொல்லுங்க.

வேம்பு சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

“கேக்கச் சொல்லுதே. கேளுக்கா.”

“யாரை?”

“அந்தப் பக்கத்து வூட்டுக்காரியத்தான்.”

“கேட்டேன். இருக்காளாம்” என்றேன்.

அவள் சிரித்தாள். முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கையை நீட்டி சிவப்பு பட்டன் எங்கே என்று தேடினாள். நான் அவள் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். அழுத்தினாள்.

8. பெஞ்சு

போகி வருவதற்குள் ஹாலில் இடம் போதவில்லை. நாற்காலி இரண்டிலும் ஆள், எதிர்ச் சுவரோரமும் ஆள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை, ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு வருகிற இரண்டு பேர் என்று ஜோடி ஜோடியாக வந்தார்கள். செயலாளர் ஐயா ஒரு நாள் தச்சரைக் கூட்டிக்கொண்டு வந்து அளவெடுத்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பெஞ்சு போடத்தான் அளவெடுத்தார், ஆனால் பெட்டி இருந்த இடத்தில் இல்லை, அதற்குப் பின்னால். காத்திருக்கிறவர்கள் உட்கார.

மத்தியானம் ஹால் காலியாக இருந்தபோது அவரே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார்.

“என் கூட மைன்ஸ்ல வேலை பாத்த ஒருத்தர்மா. மெஷின் சத்தத்துலியே இருந்தவரு. இப்ப காது சரியா கேக்கலியாம்.”

“சரிங்கய்யா” என்றேன்.

“இன்னா?” என்றார்.

சத்தமாக இன்னொரு தடவை சரிங்கய்யா சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.

9. லீவு

தை மாதம் வேம்புக்கு ஆபரேஷன். புரைதான். அவள் இடத்தில் நான் நிற்பதாக மாஸ்டரிடம் பேசியாயிற்று, அவளுக்காக என்பதால் எனக்குப் பேச்சு வந்தது. ஆனால் கம்பெனியில் எனக்கு லீவு வேண்டுமே. அது எனக்கான விஷயம். இரண்டு நாள் மாடிப்படி ஏறி இறங்கினேன், கேட்க வாய் வரவில்லை.

வேம்புதான் போனாள். மாடிப்படியைக் காலால் தடவி ஏறினாள். நான் படியில் கீழேயே நின்றுவிட்டேன்.

“அஞ்சலை அக்காவுக்குக் கொஞ்ச நாள் லீவு வேணுங்க” என்று அவள் சொல்வது கேட்டது.

மேடம், அதை அஞ்சலம்மாவே வந்து கேட்கக் கூடாதா என்றார்கள்.

“அக்காவுக்குக் கேக்கத் தெரியாதுங்க. எனக்கும் தெரியாது. அதனாலதான் நாங்க ரெண்டு பேரு.”

லீவு கிடைத்தது. அந்த நாட்களில் தமிழரசன் தம்பி என் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தொட்டிக்குப் போனேன். இந்தத் தடவை மருந்துக்கடையில் ரப்பர் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டேன். திரும்பி வர நாற்காலி இருக்கிறது என்று தெரிந்தால் நிற்பது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்ல வந்தது இதுதான். ஸ்கிரீன் வரையும்போது, வருகிறவர் யார் என்று தெரிந்துகொள்ள அவசரப்படாதீர்கள். விஷயம் முதலில் வரட்டும். ஆள் அதன் பின்னால் வருவார். அவர் உட்கார இடம் போட்டு வையுங்கள், கூட வந்தவருக்கும் சேர்த்து. இன்னொன்றும் உண்டு. ஒரு ஸ்கிரீனை முடித்துவிட்டோம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது எப்படி எனக்குத் தெரிந்தது என்றால்,

மாசியில் வேம்பு வந்தாள். கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள். மறுபடி மெஸ்ஸில் சேர்ந்து, தட்டில் ஒரு பருக்கை இல்லாமல் கழுவுகிறாள் என்று மாஸ்டரே சொன்னாராம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, நான் படிக்கும் முன்னால் அவளே ஸ்கிரீனைப் பார்த்தாள். அவளும் கொஞ்சம் எழுத்துக் கூட்டுவாள், இவ்வளவு நாளாக எழுத்துதான் கண்ணுக்குத் தெரியவில்லை. பட்டனை ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்தாள். அப்புறம் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள், ஓரமெல்லாம் பார்த்தாள்.

“ஏன்க்கா” என்றாள், “எனக்குன்னு கேக்கறதுக்கு இதுல ஒரு பட்டன் இல்லியா?”

தம்பியைக் கூப்பிட எழுந்தேன்.